லினக்ஸில் ஒரு பேக்கேஜ் அடம்பிடித்தால்... தெரியுமா?

உபுண்டுவில் சின்னதாக ஒரு செயலியை இன்ஸ்டால் செய்யப் போகிறீர்கள். ‘அன்மெட் டிபென்டன்சீஸ்’ (தேவையான சார்புகள் கிடைக்கவில்லை) என்று டெர்மினல் கையை விரித்துவிடுகிறது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை பெரிய கணக்கு ஓடியிருக்கிறது தெரியுமா?

கணினி விஞ்ஞானிகளையே திணறடிக்கும் கணக்கு அது! இந்தப் பேக்கேஜுக்கு அந்த லைப்ரரி வேண்டும், அந்த லைப்ரரி வந்தால் வேறொன்று இருக்கக் கூடாது. ‘பெரியப்பா வந்தால் நான் வரமாட்டேன், அத்தை வராவிட்டாலும் வரமாட்டேன்’ என்று முறுக்கிக்கொண்டு நிற்கும் சொந்தபந்தத்தை ஒரே பந்தியில் உட்கார வைப்பதைப் போன்ற வேலை. எல்லா நிபந்தனைகளையும் ஒருசேர நிறைவேற்ற முடியுமா என்று கேட்கும், 1971இல் கணினி விஞ்ஞானி ஸ்டீபன் குக் ஆராய்ந்த ‘சாட்’ புதிரும் இதுவும் ஒரே சாதி. எல்லாச் சிக்கலையும் சட்டென்று அவிழ்க்கும் சூத்திரம் இன்றுவரை யாருக்கும் அகப்படவில்லை. உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியன் 13இல் பேக்கேஜ்கள் மட்டும் 69,000க்கு மேல்! அத்தனைக்கும் நடுவே, பேக்கேஜ்களை இன்ஸ்டால் செய்யும் கருவியான ‘ஆப்ட்’ சில நொடிகளில் பதில் சொல்லிவிடுகிறதே, அதற்கே ஒரு சபாஷ் போடலாம்.

இன்னொன்று கேளுங்கள். உபுண்டு 24.04இல் ‘லிப்அசவுண்ட்2’ என்ற ஒலி லைப்ரரியைக் கேட்டவர்கள் முட்டி நின்றதற்கு மூலகாரணம், 2038 ஜனவரி 19! நேரத்தை 32 பிட்டில் எண்ணும் கருவிகளில் அன்றைக்கு எண்ணிக்கை நிரம்பி வழிந்து, கடிகாரம் 1901க்குத் தாவிவிடும். அதைத் தடுக்க டெபியனும் உபுண்டுவும் ஏராளமான லைப்ரரிகளைப் புதிதாகக் கட்டி, பெயரின் வாலில் ‘டி64’ என்று ஒட்டின. முக்கியமாக 32 பிட் ஏஆர்எம் கருவிகளுக்காகச் செய்தது. உங்கள் 64 பிட் கணினிக்கு அந்தச் சிக்கலே கிடையாது, ஆனாலும் புதுப் பெயர் உங்களுக்கும் சேர்த்துத்தான்! பழைய பெயரைச் சொன்னால், ‘அந்தப் பெயருக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள், யார் வேண்டும்?’ என்று ஆப்ட் கேட்கும். ‘லிப்அசவுண்ட்2டி64’ என்று அடித்தால் தீர்ந்தது.

இன்ஸ்டால் பாதியில் இருக்கும்போது கரண்ட் போய்விட்டதா? முதலில் ‘டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’, அடுத்து ‘ஆப்ட் --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்’. பெரும்பாலும் இந்த இரண்டு கட்டளைகளிலேயே எழுந்து உட்கார்ந்துவிடும். அசரவில்லையென்றால் ‘ஆப்ட்-கேச் பாலிசி’ போட்டு, எந்தப் பதிப்பு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். என்றைக்கோ சேர்த்துவிட்டு மறந்துபோன ஒரு பிபிஏ (வெளியார் நடத்தும் பேக்கேஜ் களஞ்சியம்) தான் பல வீடுகளில் குற்றவாளி. ‘ஆப்டிட்யூட் ஒய்-நாட்’ என்று கேட்டால், ஒரு பேக்கேஜ் ஏன் உள்ளே வர மறுக்கிறது என்பதற்குக் காரணச் சங்கிலியையே எடுத்து நீட்டும்! கணினியில் எது இருக்கிறது, எது இல்லை என்ற மொத்தப் பதிவும் ‘ஸ்டேட்டஸ்’ என்ற ஒரே ஒரு சாதாரண உரைக் கோப்பில்தான் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? அதன் பழைய பிரதிகள் ‘/வார்/பேக்கப்ஸ்’ ஃபோல்டரில் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டிருக்கும்.

2021 நவம்பரில் உலகமே பார்க்க நடந்தது தெரியுமா? யூடியூபர் லினஸ் செபாஸ்டியன், ‘பாப் ஓஎஸ்’ என்ற லினக்ஸில் ‘ஸ்டீம்’ என்ற கேம் செயலியை இன்ஸ்டால் செய்யப் போனார். பேக்கேஜ் முரண்பாடு ஒன்று குறுக்கே வர, டெஸ்க்டாப்பையே நீக்கப் போவதாக ஆப்ட் எச்சரித்தது. நிஜமாகவே வேண்டுமானால் ‘யெஸ், டூ ஆஸ் ஐ சே!’ என்று முழுதாக எழுதச் சொன்னது. மனிதர் எழுதினார். டெஸ்க்டாப் போயே போய்விட்டது! பலர் அவரைக் கேலி செய்தார்கள். என் கட்சி வேறு: திரை நிறைய எழுத்தைக் கொட்டிவிட்டு அதற்கடியில் எச்சரித்தால் எத்தனை பேர் படிப்பார்கள்? ஆப்டை எழுதுபவர்களும் வழியை மாற்றினார்கள். இப்போது அந்த மந்திரத்தை எழுதினாலும் பலிக்காது, அதற்கென்று தனி ஆப்ஷன் கொடுத்தாக வேண்டும்.

இத்தனை சிக்கலும் வேண்டாம் என்று 1993 முதல் ஒதுங்கியே நிற்பது ‘ஸ்லாக்வேர்’ என்ற லினக்ஸ். அதன் பேக்கேஜ் கருவி சார்புகளைப் பார்ப்பதே இல்லை! எது எதற்கு வேண்டும் என்பது உங்கள் பொறுப்பு.

சரி, ‘ஆப்ட் மூ’ என்று அடித்துப் பார்த்திருக்கிறீர்களா? எழுத்துகளால் வரைந்த ஒரு மாடு வந்து நிற்கும்! ‘ஆப்டிட்யூட் மூ’ என்றால், இங்கே அப்படியெல்லாம் எதுவும் ஒளித்து வைக்கவில்லை என்று சாதிக்கும். விடாமல் ‘-வி’களைக் கூட்டிக்கொண்டே போனால், ‘குட்டி இளவரசன்’ கதையில் வருவதுபோல் யானையை விழுங்கிய பாம்பு ஒன்றை வரைந்து காட்டும்.