வேகம் டபுள்... தூரம் நாலு மடங்கு!

'வி ஸ்கொயர் ஈக்வல் டு யூ ஸ்கொயர் ப்ளஸ் டூ ஏ எஸ்'... தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிச்ச கூட்டம்தானே நாம? பரீட்சையில அந்தக் கணக்குக்கு எனக்கு ஃபுல் மார்க். ஆனா, அது எதுக்குன்னு புரிஞ்சது போன மாசம்தான். கால்ல மாவுக்கட்டோட ரூம்மேட் ஹாஸ்டலுக்குத் திரும்பின அன்னிக்கு!

"எழுபதுலதான்டா போனேன். ரெண்டு பஸ் நீளத்துக்கு முன்னாடி நாய் குறுக்க வந்துச்சு. பிரேக் புடிக்கலை மச்சி!" என்று புலம்பினான். வண்டியை ஓட்டிப் பார்த்த மெக்கானிக்கோ, "பிரேக் பக்காவா இருக்கு தம்பி" என்றார். அப்போ தப்பு எங்கே? நோட்டை எடுத்தேன்.

மணிக்கு 36 கிலோமீட்டர்னா விநாடிக்கு 10 மீட்டர். 72-ன்னா 20 மீட்டர். பிரேக் அடிச்சா வேகம் ஒவ்வொரு விநாடியும் 5 மீட்டர் வீதம் சீராகக் குறையுதுன்னு வெச்சுக்குவோம். வண்டி நின்னா 'வி' பூஜ்யம். ஆக, ஆரம்ப வேகத்தோட வர்க்கத்தை, குறையுற வீதத்தின் ரெண்டு மடங்கால் வகுத்தா தூரம் ரெடி. 36-ல் போனா, 100-ஐ 10-ஆல் வகுக்க 10 மீட்டர். 72-ல் போனா, 400-ஐ 10-ஆல் வகுக்க 40 மீட்டர்! அந்த ஸ்கொயர்தான் பாஸ் வில்லன்.

இன்னும் முடியலை. நாயைப் பார்த்து, மூளை உஷாராகி, பிரேக்கை அழுத்த ஒரு விநாடி ஆகும்னு வைங்க. அதுவரைக்கும் வண்டி அதே வேகத்துலதான் ஓடும். அதையும் சேர்த்தா 36-ல் 20 மீட்டர். 72-ல் 60 மீட்டர்.

ரெண்டு பஸ் நீளம்கிறது சுமார் 20 மீட்டர். 36-ல் வந்தவன் நாய்க்கு முன்னாடி கரெக்டா நின்னுடுவான். 72-ல் வந்தவன்? பிரேக்கைத் தொடுறதுக்குள்ளயே 20 மீட்டர் காலி. கொஞ்சமும் குறையாத அதே வேகத்துல மோதுவான்! நம்மாளுக்கு பிரேக் பிடிக்காம இல்லை. பிடிக்கவே நேரம் இல்லை. மழையில ரோடு வழுக்கி, வேகம் குறையுற வீதம் பாதியானா, அந்த 40 மீட்டர் 80 ஆகிடும்.

மாவுக்கட்டுல ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் கையெழுத்து போட்டாங்க. நான் மட்டும் அந்த ஃபார்முலாவை எழுதிட்டு வந்தேன். கட்டு பிரிச்சாலும் அது மறக்காது மக்களே!