உட்கார்ந்து பார்த்து வாங்க வேண்டிய ஜாக்கெட்

இரண்டாம் உலகப் போர்ப் படங்களில் விமானிகள் போட்டுக்கொண்டு வரும் தடித்த பழுப்பு ஜாக்கெட்டைப் பார்த்திருப்பீர்கள். காலரை மடித்துவிட்டால் வெளிர் கம்பளி பொங்கி நிற்கும். கிறிஸ்டோபர் நோலனின் ‘டன்கிர்க்’ படத்தில் ஸ்பிட்ஃபயர் போர் விமானம் ஓட்டும் டாம் ஹார்டி போட்டிருப்பது அந்த வகைதான். இன்று பழம்பொருள் கடைகளில் அதன் அசல் கிடைக்கிறது. அச்சுப் பிசகாமல் தைத்த நகலும் உண்டு, துணிக்கடைகளில் போலியும் தொங்குகிறது.

தூரத்தில் எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். கிட்டே போனால்தான் ஒவ்வொன்றும் வேறு வேறு ஆளுக்காகத் தைத்தது என்று தெரியும். ஒன்று விமானத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு, இன்னொன்று அதற்குள் நின்று நடமாடுபவருக்கு, மற்றொன்று தரையில் இன்ஜினைப் பிரித்து மாட்டுபவருக்கு. யாருக்கு எது என்று புரிந்துகொண்டால், உங்களுக்கு எது என்பதும் பாதி முடிவாகிவிடும்.

ஏன் ஆட்டுத்தோல்?

மேலே போகப் போக, ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 2 டிகிரி வெப்பம் குறையும். ஊட்டி சுமார் 7,350 அடி. அதற்கே ஸ்வெட்டரைத் தேடுகிறோம். அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் 25,000 அடியிலும் அதற்கு மேலும் பறந்தன. அங்கே மைனஸ் 35 டிகிரி சாதாரணம். இன்றைய பயணிகள் விமானம் போல உள்ளே காற்றழுத்தம் கிடையாது. நடுப்பகுதியில் திறந்த ஜன்னல் வழியே துப்பாக்கியை நீட்டி நின்றவர்களுக்குச் சூடு என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. எதிரியின் குண்டுக்குத் தப்பினாலும் பனிக்கடிக்குத் தப்ப முடியாமல் மருத்துவமனைக்குப் போனவர்கள் ஏராளம்.

வெளியே லெதர், உள்ளே கம்பளி லைனிங் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இரண்டும் ஒரே தோலின் இரண்டு பக்கங்கள். செம்மறித் தோலைக் கம்பளியோடு சேர்த்துப் பதனிட்டு, கம்பளியை ஒரே மட்டமாகக் கத்தரித்து, அந்தப் பக்கம் உடம்பைத் தொடும்படி உள்ளே திருப்பித் தைக்கிறார்கள். சுருள் சுருளான இழைகளுக்கு நடுவே காற்று அசையாமல் அடைபட்டு நிற்கும். உடம்புச் சூட்டை வெளியே விடாமல் காப்பது அந்தக் காற்றுதான். வெளிப்பக்கத் தோல் குளிர்காற்றை மறிக்கும். நம் மேச்சேரி ஆட்டை நினைத்துக்கொண்டால் இது விளங்காது. அதன் தோலுக்கு நல்ல பெயர் உண்டு, ஆனால் மேலே இருப்பது குட்டை மயிர். இந்த ஜாக்கெட்டுக்கு அடர்ந்த கம்பளி உள்ள குளிர்நாட்டுச் செம்மறி வேண்டும்.

போலியைக் கண்டுபிடிக்கும் வழியும் இதிலேயே இருக்கிறது. உள்பக்கக் கம்பளியை இரண்டு விரலால் வகிடு எடுப்பது போல விலக்கிப் பாருங்கள். இழையின் அடி தோலுக்குள் போனால் அது உண்மை. அடியில் பின்னிய துணி தெரிந்தால் அது பாலியஸ்டர் ரோமத்தை ரெக்சின் மேல் ஒட்டியது.

மூன்று பேர், மூன்று ஜாக்கெட்

முதலில் உட்கார்ந்திருப்பவர். பிரிட்டிஷ் விமானப் படையின் இர்வின் ஜாக்கெட் இவருக்கானது. இதை உருவாக்கிய லெஸ்லி இர்வின் ஓர் அமெரிக்கர், பாராசூட் வீரர். 1919 ஏப்ரல் 28 அன்று ஒஹையோவில் விமானத்திலிருந்து குதித்து, வானில் விழுந்துகொண்டே தன் கையால் பாராசூட்டை விரித்துக் காட்டியவர். பிறகு பாராசூட் கம்பெனி தொடங்கினார். பதிவின்போது நேர்ந்த எழுத்துப்பிழையால் கம்பெனியின் பெயர் ‘இர்விங்’ ஆகிவிட்டது, அப்படியே விட்டுவிட்டார். 1926-இல் இங்கிலாந்தின் லெட்ச்வொர்த்தில் தொழிற்சாலை வைத்தார். 1930-களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் விமானிகளுக்கு இந்த ஜாக்கெட் வந்தது.

பாராசூட்காரர் செய்த ஜாக்கெட் என்பது அதன் வெட்டிலேயே தெரியும். நீளம் இடுப்போடு நின்றுவிடும், உட்காரும்போது தொடையில் மடங்கி இடிக்காது. இடுப்பை இறுக்க பெல்ட் உண்டு. பொதுவாகப் பை கிடையாது. பாராசூட் பட்டைகளை மேலே மாட்டிக்கொண்டபின் பைக்குள் கை போகவா போகிறது? முன்கையில் மணிக்கட்டிலிருந்து மேலே ஓடும் ஜிப் ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் நீளமான கையுறையை உள்ளே நுழைத்து மூடிக்கொள்ளலாம். இன்று கார் ஓட்டுபவருக்கும் பைக் ஓட்டுபவருக்கும் இந்த வெட்டு நன்றாகப் பொருந்தும். செல்போனை எங்கே வைப்பது என்று மட்டும் கேட்கக் கூடாது.

அடுத்து நின்று நடமாடுபவர். அமெரிக்க ராணுவ விமானப் படை 1934-இல் ஏற்றுக்கொண்ட பி-3 ஜாக்கெட், குண்டுவீச்சு விமானக் குழுவினரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. இர்வினைவிடத் தொளதொளப்பானது, உடம்பும் நீளம். காலரைத் தூக்கி இரண்டு தோல் வார்களால் பூட்டினால் காது வரை மறையும். இடுப்பின் இரண்டு ஓரத்திலும் இறுக்கிக்கொள்ள வார் இருக்கும். செம்மறித் தோல் சீக்கிரம் கிழியும் என்பதால், அதிகம் தேய்கிற கைப்பகுதியில் குதிரைத் தோலை வைத்துத் தைத்திருப்பார்கள். கடும் பனியில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவருக்கு இதை விட்டால் வேறு இல்லை. கார் சீட்டில் உட்கார்ந்தால் மூட்டை போல இருக்கும்.

கடைசியாக வேலை செய்பவர். தரையில் விமானத்தைப் பழுது பார்த்த மெக்கானிக்குகளுக்காக வந்தது டி-1. கம்பளி மெலிது, கை தாராளமாக அசையும். பறப்பவர்களுக்கே இதுபோல மெலிதாக, உடம்போடு ஒட்டினாற்போல 1939-இல் வந்தது பி-6. மிதமான குளிர் உள்ள ஊரில் இருப்பவர்கள் பி-3-இன் கம்பீரத்தைப் பார்த்து மயங்காமல் இந்த இரண்டையும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

1943-க்குப் பிறகு அமெரிக்கர்கள் ஆட்டுத்தோலைக் கைவிடத் தொடங்கினார்கள். உள்ளே அல்பாகா கம்பளி வைத்த துணி ஜாக்கெட்டுகளும், மின்சாரத்தால் சூடாகும் உடைகளும் வந்துவிட்டன. அங்கே பி-3-இன் ராஜ்ஜியம் பத்து வருடம்கூட முழுதாக நீடிக்கவில்லை.

அசலா, நகலா?

அசல் என்றால் அதற்கு எண்பது வயது. வாங்குவதற்கு முன் தோள்பட்டைத் தையல் ஓரமாகத் தோலை மெல்ல வளைத்துப் பாருங்கள். மேற்பூச்சில் மட்டும் கோடு கோடாக வெடிப்பு இருந்தால் பயமில்லை, அந்தக் காலத்துச் சாயப் பூச்சு அப்படித்தான் வெடிக்கும். வளைக்கும்போதே அப்பளம் போல நொறுங்கினால் தோலே செத்துவிட்டது. எந்த எண்ணெயைத் தடவினாலும் உயிர் வராது.

அக்குள், பை ஓரம், ஜிப் ஓரம் ஆகிய மூன்றும் முதலில் கிழியும் இடங்கள். பூச்சி அரித்திருக்கிறதா என்று காலருக்கு அடியில் பாருங்கள். ஜாக்கெட் முழுக்க ஒரே நிறத்தில் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். வெடிப்பை மறைக்க யாரோ மறுபடி சாயம் ஏற்றியிருக்கலாம். ஜிப் மாற்றப்பட்டிருப்பது பெரிய குற்றமில்லை. போட்டுக்கொள்ளத்தான் வாங்குகிறீர்கள் என்றால், அதைக் காட்டி விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

தினமும் போட வேண்டும் என்றால் நகலே நல்லது. ஸ்காட்லாந்தின் ஏரோ லெதர், இங்கிலாந்தின் ஈஸ்ட்மன், ஜப்பானின் ரியல் மெக்காய்ஸ் போன்றவர்கள் பழைய ஜாக்கெட்டுகளைப் பார்த்து அதே முறையில் தைக்கிறார்கள். விலை கையைக் கடிக்கும். ஆனாலும் அசலைப் பூட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, நகலைப் போட்டுக் கிழிப்பதில் சந்தோஷம் அதிகம்.

அளவில் ஏமாறாதீர்கள்

உங்கள் மார்பளவு 40 என்றால் 40 எண் போட்ட எந்த ஜாக்கெட்டும் சரியாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். அரை அங்குலக் கம்பளி சுற்றிவர இருந்தால், வெளிச் சுற்றளவில் 3 அங்குலத்துக்கு மேல் அதுவே தின்றுவிடும். உள்ளே ஒரு சட்டை, மேலே மூச்சு விட இடம் என்று பார்த்தால், வெளியே அளக்கும்போது உங்கள் மார்பைவிட 6 அங்குலமாவது கூடுதலாக வேண்டும். புதுக் கம்பளி போடப் போடக் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். அதை நம்பி மிக இறுக்கமாக வாங்கினால் அக்குளில்தான் கிழியும்.

வாங்கியபின் வாஷிங் மெஷின், இஸ்திரிப் பெட்டி, வெயில் மூன்றையும் அதன் பக்கமே விடாதீர்கள். நனைந்தால் நிழலில், அகலமான ஹேங்கரில் தானாகக் காயட்டும். பிளாஸ்டிக் உறையில் மூடினால் ஈரம் அடைபட்டுப் பூஞ்சை பிடிக்கும். குளிர்நாட்டில் வாங்கிச் சென்னைக்குக் கொண்டு வருபவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும்.

எனக்குப் பிடித்தது

என் கை இர்வின் பக்கம்தான் போகும், அதிலும் போரின் பிற்பகுதியில் தைத்தது. தொடக்கத்தில் பெரிய பெரிய துண்டுகளாக வெட்டித் தைத்தார்கள். போர் நீண்டு தேவை பெருகியதும் கிடைத்த சிறு துண்டுகளையும் வீணாக்காமல் சேர்த்தார்கள். இணைப்புதோறும் மேலே ஒரு தோல் பட்டை ஓடும். முதுகைப் பார்த்தால் வரப்பு போட்ட வயல் மாதிரி இருக்கும். சேகரிப்பவர்கள் வழுவழுவென்ற பழைய முதுகைத் தேடுகிறார்கள். எனக்கு இந்த வரப்புகள் பிடிக்கும். எந்த வருடத்தில், எந்தத் தட்டுப்பாட்டில் தைத்தது என்று முதுகே சொல்லிவிடுகிறதே.

உங்களுக்கு எது பிடிக்கும் என்று நான் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் செய்யுங்கள். கடையில் எல்லோரும் கண்ணாடி முன் நின்றுதான் ஜாக்கெட்டைப் பார்ப்பார்கள். நீங்கள் ஒரு நாற்காலியைக் கேட்டு வாங்கி உட்காருங்கள். ஜிப்பைக் கழுத்து வரை இழுத்து, இரண்டு கையையும் ஸ்டீயரிங் பிடிப்பது போல நீட்டுங்கள். காலர் தாடையை முட்டாமல், அடிவிளிம்பு வயிற்றில் ஏறாமல், தோள் பின்னுக்கு இழுக்காமல் இருந்தால் எழுந்து போய்ப் பணத்தைக் கட்டிவிடலாம்.