வெதுப்பலில் எதிர்பாராச் சுவைகள்

பேச்சு வழக்கில் பேக்கிங் எனப்படும் வெதுப்பல் முறையில் கேக்கு, ரொட்டி, பிஸ்கட் முதலியவற்றை வீட்டில் செய்யும்போது, சேர்க்கப்பட்ட பொருட்கள் எவற்றிலும் இல்லாத ஒரு சுவையோ மணமோ சில வேளைகளில் தோன்றுகிறது. இதுவே வெதுப்பலில் எதிர்பாராச் சுவை எனப்படுகிறது. சோப்புச் சுவை, அமோனியா நெடி, காலந்தாழ்த்தித் தோன்றும் கசப்பு, அழுகிய பழத்தின் மணம் ஆகியன இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இவற்றுட் சில உணவின் தரத்தை மட்டுமே குறைப்பவை. வேறு சில அவ்வுணவை உண்ணலாகாது என்பதற்கான எச்சரிக்கை. எனவே ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிவது பயனுள்ளது.

தமிழில் சுவைகள் இனிப்பு, புளிப்பு, கார்ப்பு, உவர்ப்பு, கசப்பு, துவர்ப்பு என ஆறாக வகுக்கப்படுகின்றன. சோப்புச் சுவை இவ்வாறில் எதனுள்ளும் சரியாக அடங்குவதில்லை. வேதியியலில் காரம் எனப்படுவது அமிலத்துக்கு எதிரான பண்புடைய பொருளாகும். மிளகாயின் காரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. இக்கட்டுரையில் காரம் என்னும் சொல் வேதியியற் பொருளிலேயே ஆளப்படுகிறது.

சோப்புச் சுவை

வீட்டு வெதுப்பலில் மிகுதியாகக் காணப்படும் குறை இதுவே. பெரும்பாலும் சமையல் சோடாவே இதற்குக் காரணம். தமிழ்நாட்டில் ஆப்பச்சோடா என்றும் இலங்கையில் அப்பச்சோடா என்றும் வழங்கும் இப்பொருளின் வேதியியற் பெயர் சோடியம் பைகார்பனேட்டு. தயிர், மோர், எலுமிச்சைச் சாறு போன்ற அமிலப் பொருளுடன் சேரும்போது இது கார்பன் டை ஆக்சைடு வளிமத்தை வெளிவிடுகிறது. அவ்வளிமக் குமிழிகளே மாவை உப்பச் செய்கின்றன. எஞ்சுவது நீரும், சுவையில் பெரிதும் தெரியாத ஓர் உப்பும் மட்டுமே.

போதிய அமிலம் இல்லாதபோது நிகழ்வது வேறு. ஏறத்தாழ 50 பாகை செல்சியசுக்கு மேல் சமையல் சோடா மெதுவாகச் சிதையத் தொடங்குகிறது. வெப்பம் ஏற ஏற இச்சிதைவு விரைவுபடும். கேக்கின் உட்பகுதி வெந்து முடியும்போது 100 பாகையை நெருங்கிவிடுவதால் சிதைவுக்குத் தேவையான வெப்பம் அங்கு உண்டு. அவ்வாறு சிதையும்போது சோடாவில் அடங்கிய கார்பன் டை ஆக்சைடில் பாதி மட்டுமே வெளியேறுகிறது. மறுபாதி சோடியம் கார்பனேட்டாக உணவிலேயே தங்கிவிடுகிறது. சோடியம் கார்பனேட்டு என்பது வேறொன்றுமன்று, துணி வெளுக்கப் பயன்படும் சலவைச் சோடாவே ஆகும்.

அளவைக் கணக்கிட்டால் குறையின் தன்மை விளங்கும். 168 கிராம் சமையல் சோடா முழுவதும் சிதைந்தால் 106 கிராம் சோடியம் கார்பனேட்டு உண்டாகும். ஒரு தேக்கரண்டி சோடா ஏறத்தாழ 5 கிராம் எடையுடையது. அதனுடன் அமிலம் எதுவும் சேராவிடில் சுமார் 3 கிராம் சலவைச் சோடா கேக்கினுள் இருக்கும். சமையல் சோடாக் கரைசலின் காரகாடித்தன்மைச் சுட்டெண் 8.3 அளவினது. சோடியம் கார்பனேட்டுக் கரைசலுக்கோ அது 11-ஐ எட்டிவிடும். நாக்கில் வழுவழுப்பான, சற்றே கசந்த உணர்வு ஏற்படுவது இதனாலேயே. மேலும் இக்காரம் மாவிலுள்ள நெய், எண்ணெய் ஆகியவற்றிலிருந்து பிரிந்த கொழுப்பமிலங்களுடன் வினைபுரிந்து சிறிதளவு உண்மையான சோப்பையே உண்டாக்கவல்லது. ஆகவே “சோப்புப் போல் இருக்கிறது” என்னும் குறை வெறும் உவமை அன்று.

இத்தவறு நேர்வதற்கான வழிகள் சில உள. சமையல் சோடாவையும் பேக்கிங் பவுடரையும் ஒன்றெனக் கருதுவது முதலாவது. பேக்கிங் பவுடரில் சோடாவுடன் அதற்கு வேண்டிய அமில உப்பும் மாப்பொருளும் முன்னரே கலக்கப்பட்டிருக்கும். ஒரு கோப்பை மைதாவுக்கு ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் வேண்டியிருக்க, சமையல் சோடாவோ கால் தேக்கரண்டியே போதுமானது. ஒன்றுக்கு மற்றொன்றை அதே அளவில் இட்டால் சோடா ஏறத்தாழ நான்கு மடங்காகிவிடும். கால் தேக்கரண்டிச் சோடாவை நடுநிலையாக்க அரைக் கோப்பை மோர் தேவைப்படும் என்பது சமையல் நூல்களில் வழங்கும் கணக்கு. மோருக்குப் பதிலாகப் பாலை ஊற்றினால் கணக்குத் தவறிவிடும்.

கொக்கோத் தூள் மற்றொரு காரணம். இயல்பான கொக்கோத் தூள் அமிலத்தன்மை உடையது. இடச்சு முறை எனப்படும் முறையில் காரமூட்டப்பட்ட கொக்கோவில் அவ்வமிலம் முன்னரே நீக்கப்பட்டிருக்கும். 19 ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தைச் சேர்ந்த கொன்ராட் யோகன்னசு வான் ஹூட்டன் உருவாக்கிய இம்முறையால் கொக்கோவின் நிறம் கறுத்து, சுவை மென்மையாகிறது. இயல்பான கொக்கோவுக்கென எழுதப்பட்ட குறிப்பில் இதனைப் பயன்படுத்தினால் சோடாவுக்கு ஈடான அமிலம் கிடைக்காது. சமைப்பவர் குறிப்பை எழுத்துப் பிசகாமற் பின்பற்றியிருந்தும் கேக்கு கெட்டுப்போவது இவ்வாறே. பொதியில் காரமூட்டப்பட்டது என்ற குறிப்பு உள்ளதா எனப் பார்ப்பது நன்று.

அமிலத்தையும் சோடாவையும் ஒரே பொதியில் கலந்து வைக்கும் எண்ணம், நொதியத்தைத் தவிர்க்கும் முயற்சியிற் பிறந்ததாகும். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரைச் சேர்ந்த வேதியியலாளர் ஆல்பிரட் பேர்ட், நொதியம் ஒவ்வாத தம் மனைவிக்காக 1843 இல் இத்தகைய தூள் ஒன்றைச் செய்தார்.

தேங்காயும் சோப்புச் சுவையும்

சோடா சிறிதும் சேராத தேங்காய்ப் பிஸ்கட்டிலும் சோப்புச் சுவை தோன்றுவது உண்டு. இதற்கும் சோடாவுக்கும் தொடர்பில்லை. தேங்காய் எண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலமாகும். கொழுப்புடன் பிணைந்திருக்கும்வரை அது நாக்குக்குத் தெரிவதில்லை. ஈரம் புகுந்த உலர் தேங்காய்த் துருவலில் பூஞ்சைகளும் நுண்ணுயிரிகளும் வளரும்போது, அவை சுரக்கும் லைப்பேசு என்னும் நொதி கொழுப்பைப் பிளந்து லாரிக் அமிலத்தைத் தனியே பிரித்துவிடுகிறது. தனித்த லாரிக் அமிலம் சோப்பை ஒத்த சுவையுடையது.

இரண்டையும் பிரித்தறிவது எளிது. வெதுப்புவதற்கு முன்பே துருவலில் ஒரு சிட்டிகையை வாயிலிட்டுப் பார்த்தால் போதும். அப்போதே சோப்புச் சுவை இருப்பின் குறை தேங்காயில் உள்ளது. அதனை வறுத்தோ சர்க்கரை சேர்த்தோ சீர்செய்ய இயலாது. வெண்ணெயில் இதே பிளவு நிகழும்போது சோப்புச் சுவைக்கு மாறாகப் பியூட்டிரிக் அமிலத்தின் ஊசல் நாற்றம் எழுகிறது. கொழுப்பமிலத்தின் சங்கிலி நீளமே இவ்வேறுபாட்டுக்குக் காரணம்.

அமோனியா நெடி

அமோனியம் பைகார்பனேட்டு சில பிஸ்கட் வகைகளை மொறுமொறுப்பாக்கப் பயன்படுகிறது. முற்காலத்தில் மான் கொம்பை வாலை வடித்துப் பெற்றமையால் மேலைநாடுகளில் இது மான்கொம்பு உப்பு எனப்பட்டது. செருமானிய, சுவீடியப் பிஸ்கட்டுகளில் இன்றும் இது வழக்கிலுள்ளது. வெப்பத்தில் இது அமோனியா, கார்பன் டை ஆக்சைடு, நீராவி என முழுவதும் வளிமமாகிவிடுகிறது. உப்பு எதுவும் எஞ்சாததால் சோப்புச் சுவைக்கு இடமில்லை. ஆனால் பண்டம் மெல்லியதாகவும் உலர்ந்ததாகவும் இருந்தால் மட்டுமே அமோனியா வெளியேறும். தடித்த கேக்கில் ஈரம் மிகுதி என்பதால் அமோனியா அதிற் கரைந்து தங்கிக் கடும் நெடியைத் தரும்.

இதில் நாக்கால் அறிய முடியாத ஒரு சிக்கலும் உள்ளது. மாவிலுள்ள அசுபராசின் என்னும் அமினோ அமிலம் உயர்வெப்பத்தில் சர்க்கரைகளுடன் வினைபுரிந்து அக்ரிலமைடு என்னும் பொருளை உண்டாக்குவது 2002 இல் சுவீடனில் வெளியான ஆய்வுகளால் கவனத்துக்கு வந்தது. அக்ரிலமைடை மனிதரில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்னும் வகையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994 இலேயே சேர்த்திருந்தது. அமோனியம் பைகார்பனேட்டு பிஸ்கட்டில் இதன் அளவைக் கூட்டுகிறது. அதற்கு மாற்றாகச் சமையல் சோடாவை இட்டால் அளவு குறைகிறது. ஆனால் சோடா கூடினால் முன்னர்க் கூறிய சோப்புச் சுவை தலைகாட்டும். பொன்னிறத்திலேயே பிஸ்கட்டை எடுத்துவிடுவது வீட்டில் கைக்கொள்ளத்தக்க எளிய வழியாகும்.

விரும்பத்தக்க எதிர்பாராச் சுவைகள்

எதிர்பாராதவை யாவும் குறைகள் அல்ல. அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் வெப்பத்தில் இணைந்து பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான மணப்பொருட்களையும் தருவது மெயிலார்டு வினை எனப்படும். பிரான்சு நாட்டு வேதியியலாளர் லூயி கமில் மெயிலார்டு இதனை 1912 இல் விவரித்தார். இவ்வினையின் போக்கில் லூசின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து மால்ட்டு மணமும், பினைல் அலனினிலிருந்து தேன் மணமும், மெத்தியோனினிலிருந்து அவித்த உருளைக்கிழங்கின் மணமும் பிறக்கின்றன. தேன் ஊற்றாத ரொட்டியில் தேன் மணப்பதன் விளக்கம் இதுவே.

புதிய ரொட்டியின் மேலோட்டுக்கு மணம் தரும் முதன்மைப் பொருளின் பெயர் 2-அசிட்டைல்-1-பைரோலின். பாசுமதி அரிசிக்கும், இலங்கைத் தமிழர் சமையலில் இடம்பெறும் ரம்பை இலைக்கும் மணம் தருவதும் இதே மூலக்கூறுதான். ரம்பையில் தாவரம் அதனைத் தானே ஆக்குகிறது. ரொட்டியிலோ அடுப்பின் வெப்பம் ஆக்குகிறது. காரம் மெயிலார்டு வினையை விரைவுபடுத்தும் என்பதால் சிறிதளவு சோடா நிறத்தையும் மணத்தையும் கூட்டும். செருமானியப் பிரெட்செல்களைச் சுடுவதற்கு முன் நீர்த்த சோடியம் ஐதராக்சைடுக் கரைசலில் தோய்ப்பதன் நோக்கம் அதுவே. அக்கரைசல் தோலையும் கண்ணையும் அரிக்கும் தன்மையது. ஆதலால் வீட்டில் பலர் சமையல் சோடாக் கரைசலையே கையாள்கின்றனர்.

காலந்தாழ்த்திய கசப்பு

ஆரஞ்சுப் பழத்தை முழுதாக அரைத்துச் செய்யும் கேக்கு, மாவாக இருக்கும்போது இனித்து, பின்னர்க் கசப்பதுண்டு. உடையாத பழத்தில் கசப்பற்ற ஒரு முன்பொருளே இருக்கிறது. திசுக்கள் சிதைந்து அமிலச் சாறுடன் கலந்தபின் அது லிமோனின் என்னும் கசப்புப் பொருளாக மாறுகிறது. அறை வெப்பநிலையில் இதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். சூடாக்கினால் விரைந்து நிகழும். நேவல் வகை ஆரஞ்சு இதற்குப் பெயர்பெற்றது. சோடாவைக் கூட்டுவது இதற்குத் தீர்வன்று. கசப்புடன் சோப்புச் சுவையும் சேர்வதே மிச்சம்.

ரொட்டியில் அன்னாசி மணம்

நிறமோ பூஞ்சையோ இல்லாத ரொட்டியில், சுட்ட மறுநாளோ அதற்கடுத்த நாளோ, கனிந்து அழுகும் அன்னாசி அல்லது முலாம்பழத்தின் மணம் எழுமானால் அதனை நல்ல மணமெனக் கொள்ளலாகாது. இது கயிற்று நோய் எனப்படும் கெடுதலின் முதல் அறிகுறியாகும். மண்ணிலும் தானியத்திலும் வாழும் பேசில்லசு சப்டிலிசு முதலிய நுண்ணுயிரிகளின் வித்துகள் மாவுடன் வந்து சேர்கின்றன. ரொட்டியின் உட்பகுதி 100 பாகையைத் தாண்டாததால் அவ்வித்துகள் வெதுப்பலில் அழிவதில்லை. சுட்ட ரொட்டி வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் இருந்தால் அவை முளைத்து மாப்பொருளையும் புரதத்தையும் சிதைக்கின்றன. அடுத்த நிலையில் ரொட்டியின் உட்பகுதி பிசுபிசுத்து, இரு துண்டுகளாகப் பிய்க்கும்போது சிலந்தி நூல் போன்ற இழைகள் நீளும்.

இழை தோன்றும் முன்னரே மணம் தோன்றுவதால் மூக்கே இங்கு முதற் கருவியாகிறது. இத்தகைய ரொட்டியை உண்ணலாகாது. வெதுவெதுப்பும் ஈரமும் மிகுந்த நாடுகளில் இக்கெடுதல் எளிதில் பரவும். இந்நுண்ணுயிரிகள் அமிலச் சூழலில் நன்கு வளர்வதில்லை. எனவே மாவில் சிறிது வினிகர் சேர்ப்பதும், புளித்த மாவைப் பயன்படுத்துவதும், ரொட்டியை விரைந்து ஆறவிடுவதும் பயன்தரும். வணிக முறையில் இதற்கெனக் கால்சியம் புரோப்பியோனேட்டு சேர்க்கப்படுகிறது. ஒருமுறை நோய் கண்ட ரொட்டிப் பெட்டியையும் பலகையையும் நன்கு தேய்த்துக் கழுவி, வினிகரால் துடைத்து, வெயிலில் உலர்த்திய பின்னரே அடுத்த ரொட்டியை வைக்க வேண்டும்.