சுறாவுக்கும் காளானுக்கும் வயசு என்ன?

மெட்ராலஜி லேபில் மைக்ரோமீட்டர் ரீடிங் 0.01 மி.மீ. பிசகினாலே ரெக்கார்டு நோட்டு திரும்பி வந்துவிடும். நானும் வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான். அதனால் "வயது 392, கூடக்குறைய 120" என்று ஒரு கணக்கைப் படித்ததும் சிரித்துவிட்டேன். முழுசும் படித்தபின் சிரிப்பு நின்றுவிட்டது.

அது வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த ஆழத்தில் வாழும் கிரீன்லாந்து சுறா. வேறு பல சுறாக்களுக்கு முதுகெலும்புக் கணுவில் வளையம் எண்ணி வயது சொல்வார்கள். இதற்குக் கணுவே மெத்து மெத்தென்று இருக்கும், வளையம் விழாது. ஆகவே கண்ணைப் பிடித்தார்கள். கண்வில்லையின் நடுப்பகுதி குட்டி பிறக்குமுன்பே உண்டாகி, சாகும்வரை மாறாமல் இருக்கிறது. அதிலுள்ள கார்பன்-14 அளவையும் உடல் நீளத்தையும் வைத்து, 5 மீட்டர் நீளமுள்ள ஒரு பெண் சுறாவுக்கு 2016-இல் வெளியிட்ட வயதுதான் 392. குறைத்துப் போட்டாலும் 272!

அமெரிக்காவில் ஒரிகன் மாநிலக் காட்டிலுள்ள தேன் காளானுக்கோ கண்ணும் இல்லை, எலும்பும் இல்லை. மண்ணுக்கடியில் கறுப்பு ஷூ லேஸ் மாதிரி இழை விட்டு, மர வேர்களைத் தின்றுகொண்டே பரவுகிறது. எல்லாம் ஒரே காளான்தானா? பல இடத்து மாதிரிகளை ஜோடி ஜோடியாக ஒரே தட்டில் வளர்த்துப் பார்த்தார்கள். ஒரே உடம்பென்றால் ஒட்டிக்கொள்ளும். அந்நியமென்றால் நடுவே கோடு விழும். ஒட்டிக்கொண்ட பரப்பு 965 ஹெக்டேர்! அப்புறம் நம்ம பழைய ஃபார்முலாதான்: தூரத்தை வேகத்தால் வகு. பரவும் வேகம் நிச்சயமில்லாததால் விடை 1,900 முதல் 8,650 ஆண்டு வரை இழுக்கிறது.

சுறா கணக்கில் பிழை சுமார் 30 சதவீதம். காளானில் சின்ன விடைக்கும் பெரிய விடைக்கும் நாலரை மடங்கு. வயதில் காளான்தான் பெரியவர், சந்தேகமில்லை. ஆனால் என்னிடம் திருத்தக் கொடுத்தால், சுறாவின் ரெக்கார்டு நோட்டில்தான் முதலில் கையெழுத்துப் போடுவேன்.