இன்னிக்குக் கிடைச்சிடும்!

சம்பளம் ஒண்ணாம் தேதி வராமல் மூணாம் தேதி வந்தாலே நம் ஆபீஸ்களில் என்ன ரகளை நடக்கும்? கான்ட்டீனில் கூட்டம், யூனியன் நோட்டீஸ், மளிகைக் கடைக்காரர் கண்ணில் படாமல் சந்து வழியாக வீடு திரும்புதல்...

அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் தென்கோடியில் கீ வெஸ்ட் என்று ஒரு குட்டித் தீவு. அங்கே மெல் ஃபிஷர் என்று ஒரு முதலாளி இருந்தார். அவருடைய ஆட்களுக்குச் சில சமயம் வாரக்கணக்கில் சம்பளமே வராது. ஆனால் தினமும் காலையில் ஒரு வாக்கியம் மட்டும் தவறாமல் கிடைக்கும்: 'இன்னிக்குத்தான் அந்த நாள்!' அதாவது, இன்னிக்குக் கிடைச்சிடும். பதினாறு வருடம் இதையே சொன்னார் மனுஷர். அவர்களும் படகில் ஏறிக்கொண்டிருந்தார்கள்!

என்ன கிடைச்சிடும்? 'அட்டோச்சா' என்ற கப்பல்.

1622 செப்டம்பர் 4. கியூபாவின் ஹவானா துறைமுகத்திலிருந்து 28 ஸ்பானியக் கப்பல்கள் தாய்நாட்டுக்குக் கிளம்பின. தென் அமெரிக்கச் சுரங்கங்களில் சுரண்டியதெல்லாம் உள்ளே. அட்டோச்சாவில் மட்டும் 24 டன் வெள்ளி, 125 தங்கக் கட்டிகளும் வில்லைகளும், காவலுக்கு 20 வெண்கலப் பீரங்கிகள். இரண்டே நாளில் சூறாவளி. பீரங்கியை வைத்துக்கொண்டு புயலை என்ன செய்வது? கப்பலில் இருந்த 265 பேரில் பிழைத்தவர்கள் ஐந்தே பேர். தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த பாய்மரத்தைக் கட்டிக்கொண்டவர்கள்.

கப்பல் மூழ்கிய இடம் 55 அடி ஆழம்தான். ஸ்பெயின்காரர்கள் கண்டுபிடித்தும் விட்டார்கள். அதற்குள் அக்டோபரில் இன்னொரு புயல் வந்து கப்பலைச் சிதறடித்தது. அப்புறம் அறுபது வருடம் தேடியும் அகப்படவில்லை.

மெல் ஃபிஷர் பிறந்தது 1922ல். கப்பல் மூழ்கிச் சரியாக முந்நூறு வருடம் கழித்து! கலிஃபோர்னியாவில் கோழிப் பண்ணை வைத்திருந்தவர். பிறகு டைவிங் சாமான்கள் விற்கும் கடை போட்டார். அவர் மனைவி டியோ 1959ல் தண்ணீருக்குள்ளேயே ஐம்பது மணி நேரத்துக்கு மேல் இருந்து சாதனை செய்தவர். அந்தக் குடும்பத்தில் பிடிவாதத்துக்குப் பஞ்சமில்லை.

அறுபதுகளில் ஃபுளோரிடாவுக்கு மூட்டை கட்டினார்கள். 1715ல் மூழ்கிய கப்பல்களைத் தேடும்போது ஃபிஷர் குழு ஒரு கருவி செய்தது. படகின் விசிறிக்குப் பின்னால் வளைந்த பெரிய குழாயை மாட்டினால், மேலே உள்ள தெளிந்த நீர் கீழே பாயும், கலங்கலில் கண் தெரியும் என்பது திட்டம். நீர் பாய்ந்த வேகத்தில் கடலடி மணலில் பள்ளமே விழுந்தது. ஆஹா, மணலுக்கு அடியிலும் தேடலாமே! 1964ல் ஆயிரத்துக்கு மேல் தங்கக் காசுகள் கிடைத்தன. அந்தத் தெம்பில் 1969ல் அட்டோச்சா வேட்டை ஆரம்பம்.

ஆரம்பித்தது தப்பான இடத்தில். பழைய தாள்களில் 'மட்டக்கும்பே' என்று இருந்ததால் அந்தத் தீவைச் சுற்றியே துழாவினார்கள். காப்பாற்றியது டைவர் இல்லை, யூஜின் லயன் என்ற சரித்திர ஆராய்ச்சியாளர். ஸ்பெயினில் செவில் நகரத்து ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து, புழு அரித்த காகிதங்களைப் படித்தார். கப்பல் கிடப்பது மார்க்கெசாஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் என்று கண்டுபிடித்தார். அதாவது சுமார் நூறு மைல் தள்ளி!

1973ல் மூன்று வெள்ளிக் கட்டிகள் கிடைத்தன. ஒன்றில் பொறித்திருந்த எண் 4584. கப்பலின் சரக்குப் பட்டியலைப் புரட்டினார் லயன். அதிலும் 4584! பி.காம். படித்த எனக்குச் சிலிர்த்தது இந்த இடத்தில்தான். முந்நூற்றைம்பது வருடம் கழித்து நடந்த ஸ்டாக் வெரிஃபிகேஷன், எண் பிசகாமல் டாலி ஆகியிருக்கிறது. நம்ம ஊர் ஸ்டோர்களில் போன மார்ச் மாத இருப்பே இடிக்கும்.

1975 ஜூலையில் ஃபிஷரின் மகன் டர்க், ஐந்து வெண்கலப் பீரங்கிகளைக் கண்டுபிடித்தார். ஒரே கொண்டாட்டம். ஒரு வாரம்தான். ஜூலை 20, விடியுமுன் நேரம். நங்கூரம் போட்டிருந்த அவர்களுடைய படகு 'நார்த்விண்ட்'டில் தண்ணீர் புகுந்து கவிழ்ந்தது. டர்க், அவர் மனைவி ஏஞ்சல், இன்னொரு டைவர்... மூன்று பேரும் போய்விட்டார்கள்.

ஃபிஷர் நிறுத்தவில்லை. பங்கு விற்றார், கடன் வாங்கினார். கப்பல் எங்களுக்கே சொந்தம் என்று சொன்ன ஃபுளோரிடா அரசோடு மல்லுக்கட்டி, 1982ல் சுப்ரீம் கோர்ட் வரை போய் ஜெயித்தார்.

1985 ஜூலை 20. இன்னொரு மகன் கேன் நடுக்கடலிலிருந்து ரேடியோவில் கூப்பிட்டார். வரைபடங்களைச் சுருட்டி வைக்கலாம், மொத்தக் குவியலும் கிடைத்துவிட்டது என்றார். தேதியைப் பாருங்கள். அண்ணன் இறந்து சரியாகப் பத்து வருடம். வெள்ளிக் கட்டிகள் சுவர் மாதிரி அடுக்கிக் கிடந்தன. மதிப்பு நாற்பது கோடி டாலர் என்றார்கள். முதலீட்டாளர்களுக்கும் படகு ஆட்களுக்கும் பங்கு பிரித்தார்கள். சம்பளப் பாக்கிக்கு வட்டியும் முதலுமாக!

எல்லோரும் கைதட்டவில்லை. மூழ்கிய கப்பல் நகைக்கடை இல்லை. மணலைக் கிளறினால், எந்தப் பொருள் எங்கே கிடந்தது என்ற சரித்திரம் கலைந்துவிடும் என்று அகழ்வாராய்ச்சியாளர்கள் கோபித்தார்கள். நியாயம்தான். நீருக்கடியில் உள்ள பாரம்பரியத்தை வியாபாரமாக்கக் கூடாது என்று யுனெஸ்கோ 2001ல் ஒப்பந்தமே போட்டது.

1998ல் ஃபிஷர் காலமானார். அட்டோச்சாவின் பின்பகுதி இன்னும் அகப்படவில்லை.

பதினாறு வருடத்தில் சுமார் ஆறாயிரம் காலைகள். அத்தனை காலையும் அந்த வாக்கியம் பொய்த்தது. ஒரே ஒரு காலை பலித்தது. அதைப் பலிக்க வைத்தவர்களில், தூசி படிந்த காகிதத்தைப் படித்தவர் உண்டு, சம்பளமில்லாமல் மூழ்கியவர்கள் உண்டு, திரும்பி வராத மூன்று பேர் உண்டு. நம்பிக்கை இலவசம் என்று யார் சொன்னது? அதற்கும் பற்று, வரவு இரண்டு பக்கமும் இருக்கிறது.

ஆகவே நண்பர்களே, அடுத்த தடவை உங்கள் மேனேஜர் மீட்டிங்கில் 'விடாமுயற்சி' பற்றி லெக்சர் அடித்தால், 1985 ஜூலை 20ஐச் சொல்லி ஆமாம் போடுங்கள். கூடவே, 1975 ஜூலை 20ஐயும் மெதுவாக ஞாபகப்படுத்துங்கள்.