மூச்சு சொல்லும் சாட்சியம்

காரைக்கால் அம்மையார் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து புகுந்ததாகப் பெரியபுராணம் போற்றும் திருவாலங்காட்டில், இன்று இரவு பகலாகச் சக்கரங்கள் உருளுகின்றன. கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றி வரும் டிராக்டர்களும் லாரிகளும் ஒருபுறமிருக்க, சற்று அப்பால் திருவள்ளூரிலிருந்து திருத்தணி வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் பெருஞ்சாலையில் யாத்திரிகர்களின் வாகனங்களுக்கு ஓய்வே இல்லை. அத்தகைய சாலையில் இரவு நேரத்தில் ஒரு டிரைவரை நிறுத்தி, கையடக்கமான யந்திரமொன்றை வாயருகே நீட்டி, ‘ஊது’ என்று போலீஸார் சொல்லும்போது, அவன் விடும் சில விநாடி மூச்சில் அவனுடைய லைசென்ஸும் கூலியும், சில சமயங்களில் சுதந்திரமுமே அடங்கிவிடுகின்றன. அந்த யந்திரம் உண்மையில் எதை அளக்கிறது, அதன் வார்த்தையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது சாதாரண ஜனங்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டிய விஷயம்.

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு, 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மதுச்சத்து இருக்க வண்டி ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. முதற் குற்றத்திற்கு 6 மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 2019-இல் திருத்தப்பெற்ற இந்த அபராத விகிதம் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. மத்திய அரசின் சட்டமாகையால், மாநில எல்லையைத் தாண்டி நகரிக்கோ புத்தூருக்கோ போனாலும் அளவு இதுவேதான்.

சட்டம் பேசுவது இரத்தத்தைப் பற்றி. யந்திரம் அளப்பதோ மூச்சை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் சந்தேகங்கள் எல்லாம் பிறக்கின்றன. குடித்த மது இரத்தத்தில் கலந்து, நுரையீரலின் நுண்ணறைகளை அடைந்து, அங்குள்ள காற்றில் ஒரு பகுதி ஆவியாகச் சேருகிறது. ஒரு திரவத்தில் கரைந்த பொருளுக்கும் அதன்மேல் நிற்கும் காற்றில் உள்ள அதன் ஆவிக்கும் குறிப்பிட்ட உஷ்ணநிலையில் நிலையான ஒரு விகிதம் உண்டு என்று மான்செஸ்டர் நகரத்து வில்லியம் ஹென்றி 1803-இல் கண்ட விதியே இதற்கு ஆதாரம். அமெரிக்காவின் இந்தியானாவில் ராபர்ட் போர்க்கென்ஸ்டைன் 1954-இல் அமைத்த கருவி, மஞ்சள் நிற டைக்குரோமேட் திரவம் மதுவாவி பட்டுப் பச்சையாக மாறுவதைக் கொண்டு அளந்தது. இக்காலத்து நல்ல கருவிகளிலோ, பிளாட்டினத் தகடுகளின்மேல் மதுவாவி அசெட்டிக் அமிலமாக மாறும்போது பிறக்கும் சிறு மின்னோட்டமே அளவாகிறது.

1 மில்லி லிட்டர் இரத்தத்தில் உள்ள மதுவும் 2,100 மில்லி லிட்டர் மூச்சில் உள்ள மதுவும் சமம் என்ற கணக்கைக் கொண்டே இத்தகைய கருவிகள் மூச்சின் அளவை இரத்தத்தின் அளவாக மாற்றிச் சொல்லுகின்றன. ஆனால் மனித தேகங்கள் எல்லாம் ஒரே வார்ப்பில் செய்யப்பட்டவை அல்லவே! ஒருவருடைய மெய்யான விகிதம் 1,700 ஆக இருக்குமானால், அவர் இரத்தத்தில் 26 மில்லிகிராமே இருந்தாலும் கருவி 32 என்று காட்டி அவரைக் குற்றவாளியாக்கிவிடும். 2,400 ஆக இருக்குமானால், 33 உள்ளவர் 29 என்ற கணக்கில் தப்பிவிடுவார். பெரும்பாலோருடைய விகிதம் 2,300-ஐ ஒட்டி நிற்பதால், கருவி மொத்தத்தில் டிரைவருக்குச் சாதகமாகவே பிழை செய்கிறது என்பதையும் நியாயத்தை விரும்புவோர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் காய்ச்சல் கண்டவனுடைய மூச்சின் உஷ்ணம் 1 டிகிரி ஏறினால் அளவும் ஏறத்தாழ 6 அல்லது 7 சதவீதம் ஏறுகிறது. 150 காட்டியவனுக்கு இவையெல்லாம் புகலிடம் ஆகமாட்டா. 31-லும் 35-லும் நிற்பவனுக்கோ இவையே ஜீவநாடி.

இதைவிடப் பெரிய அபாயம் வாயில் தங்கிய மது. கேரளத்தில் பந்தளம் அரசுப் போக்குவரத்துக் கழக டிப்போவில் 2025 ஜூலையில் நடந்த சம்பவம் இதற்குத் தக்க உதாரணம். பணிக்குப் புறப்படுமுன் பரிசோதிக்கப்பட்ட டிரைவர் ஒருவரிடம் கருவி மதுவைக் காட்டிற்று. அவரோ தொடவேயில்லை என்று சத்தியம் செய்தார். விசாரித்தபோது, நன்றாகப் பழுத்துப் புளிக்கத் தொடங்கியிருந்த பலாச்சுளையை அவர் உண்டிருந்தது தெரிய வந்தது. முன்பு குற்றமற்றவரென்று காட்டப்பட்ட ஊழியர் ஒருவரை அதே சுளையை உண்ணச் செய்து ஊதச் சொன்னபோது, அவரிடமும் மது இருப்பதாகவே யந்திரம் கூறிவிட்டது! இருமல் மருந்தும், சாராயம் கலந்த ஹோமியோபதி மருந்தும், வாய் கொப்பளிக்கும் சில திரவங்களும் இதே மயக்கத்தை விளைவிக்கக் கூடியவை. பரிகாரம் மிக எளிது: வாயைத் தண்ணீரால் கொப்பளிக்கச் செய்து 15 நிமிஷம் காத்திருந்து மறுபடி ஊதச் சொன்னால், வாயிலிருந்த மது மறைந்து இரத்தத்திலிருப்பது மட்டும் எஞ்சும். சாலையோரத்தில் இந்தக் கால் மணி நேரப் பொறுமையைக் காட்டாமல் ஒருவன் மீது ‘டி.டி. கேஸ்’, அதாவது குடித்து வண்டி ஓட்டிய வழக்கு, எழுதுவது என் அபிப்பிராயத்தில் பெரும் அநியாயம்.

அடுத்தது யந்திரத்தின் ஆரோக்கியம். ஆலையின் எடைமேடைக்கு முத்திரை இல்லையென்றால் எந்தக் கரும்பு விவசாயியும் தன் பாரத்தை அதில் ஏற்றச் சம்மதிக்கமாட்டான். மனிதனுடைய மானத்தை நிறுக்கும் கருவிக்கு அவ்வளவு சோதனையாவது வேண்டாமா? அமெரிக்காவின் நியூஜெர்ஸி மாகாணத்தில், கருவிகளைச் சரிபார்த்த அதிகாரி விதித்தபடி உஷ்ணமானியை உபயோகிக்கவில்லை என்று தெரிந்ததும், 2018-இல் அங்குள்ள உச்சநீதிமன்றம் 20,000-க்கு மேற்பட்ட மூச்சுப் பரிசோதனைகளைச் சாட்சியமாக ஏற்க மறுத்துவிட்டது. நம் பக்கத்திலும், ஊதுவதற்குமுன் வெறுங்காற்றைச் சோதித்துக் கருவி பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டுமென்பதைக் கேரள உயர்நீதிமன்றம் 2025-இல் வலியுறுத்தியிருக்கிறது.

வாசனை, தள்ளாடும் நடை, விரிந்த கண்மணி, குழறும் பேச்சு ஆகியவற்றை மட்டும் கொண்டு ஒருவன் மது அருந்தியிருந்தான் என்று தீர்மானிக்க இயலாது என்று மகாராஷ்டிரத்து வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் 1971-இலேயே கூறியது. கண்ணால் கண்ட சாட்சியத்தின் அந்தக் குறையை நிரப்பவே யந்திரம் வந்தது. யந்திரத்துக்கும் மேலான பிரமாணமாக இரத்தப் பரிசோதனையைச் சட்டத்தின் 204-ஆவது பிரிவு ஏற்படுத்தியிருக்கிறது. கைது செய்யப்பட்டவனை 2 மணி நேரத்துக்குள் வைத்தியப் பரிசோதனைக்கு உட்படுத்தாவிட்டால் விடுவித்துவிட வேண்டும் என்று 202-ஆவது பிரிவு கட்டளையிடுகிறது. இரத்தத்திலுள்ள மது மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் வீதம் குறைகிறதாகையால், அந்த 2 மணி நேரத்தில் சட்டம் அனுமதிக்கும் அளவு முழுவதுமே கரைந்துபோகலாம். தாமதத்தால் நிரபராதி தன் சாட்சியத்தை இழக்கிறான், குற்றவாளி தண்டனையிலிருந்து தப்புகிறான்.

மூச்சுப் பரிசோதனையே வேண்டாம் என்று சொல்லுவது என் நோக்கமன்று. குடித்தவன் ஓட்டிய லாரியின் முன்னே நடந்துபோன பாதசாரிக்கு எந்த விகிதக் கணக்கும் உயிரைத் திருப்பித் தராது. ஆனால் 2003 முதல் டாஸ்மாக் வாயிலாக மதுவைச் சில்லறையாக விற்கும் பொறுப்பைத் தானே ஏற்றிருக்கும் அரசுக்கு, அதைக் குடித்தவன் யார், குடிக்காதவன் யார் என்று பிழையின்றி அளந்தறியும் கடமை மற்ற எவரினும் அதிகம். ஒவ்வொரு கருவியும் கடைசியாகச் சரிபார்க்கப்பட்ட தேதியை அதன்மேலேயே ஒட்டிவைப்பதும், அச்சிட்ட சீட்டை டிரைவர் கையில் கொடுப்பதும், சட்ட அளவின் விளிம்பில் நிற்பவருக்கு உடனே இரத்தப் பரிசோதனை செய்விப்பதும் அரசால் செய்யக் கூடியவையே.

வாகனம் ஓட்டும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. குடிக்காதவராயினும் ஊத மறுக்காதீர்கள். நியாயமான காரணமின்றி மறுப்பதை 205-ஆவது பிரிவின்படி உங்களுக்கு எதிராகவே கொள்ளலாம். கருவி தவறு செய்கிறதென்று தோன்றினால் சச்சரவு செய்யாமல், வாய் கொப்பளித்துச் சற்றுப் பொறுத்து மறுபடி ஊத அனுமதி கேளுங்கள். சீட்டைக் கேட்டு வாங்குங்கள். திருத்தணி அரசு மருத்துவமனையிலோ அருகிலுள்ள வேறு அரசு மருத்துவமனையிலோ அப்போதே இரத்தம் எடுக்குமாறு எழுத்து மூலம் வேண்டுங்கள்.