உங்களுக்குத் தெரியுமா? பழைய காரின் பின்சக்கரத்தில் எண்ணெய் கசிகிறதா?

காரைக்கால் மாவட்டம் சுரக்குடிப் பக்கம் சம்பா நடவு நாட்களில் பாதிச் சாலை வயலாகிவிடும். டிராக்டர் சக்கரங்கள் இழுத்துவந்து உதிர்க்கும் களிமண்ணின் மீதுதான் அம்பாசடரும் ஆம்னியும் சுமோவும் ஓடியாக வேண்டும். மூன்றும் பின்சக்கரத்தால் ஓடும் வண்டிகள். அதனால் பின் ஆக்ஸிலுக்குள் கியர் ஆயில் உண்டு; அது சக்கரத்துப் பக்கம் வராமல் தடுக்க இரண்டு முனையிலும் ஆயில் சீல் உண்டு. முன்சக்கரத்தால் ஓடும் மாருதி 800-க்கு இந்தக் கவலை கிடையாது. அம்பாசடர் தயாரிப்பு 2014-இலும், ஆம்னி தயாரிப்பு 2019-இலும் நின்றுவிட்டன. இனி சாலையில் பார்ப்பதெல்லாம் பழைய வண்டிதான்.

* சீல் கசிந்தால் முதலில் பார்க்க வேண்டியது சீலை அல்ல, பிரீதரை! ஆக்ஸில் ஹவுசிங்கின் மேல்புறம் விரல்நுனி அளவில் ஒரு சின்ன மூடி இருக்கும். சில வண்டிகளில் அதிலிருந்து ஒரு ரப்பர் குழாயும் மேலே போகும். ஹவுசிங் மூச்சுவிடும் வழி அது. 30 டிகிரியில் இருந்த காற்று, வண்டி ஓடி 90 டிகிரிக்குச் சூடானால், வெளியேற வழியில்லாத இடத்தில் அதன் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். டயர் காற்றோடு ஒப்பிட்டால் இது சொற்பம்தான். ஆனால் தேய்ந்த சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு எண்ணெய் வெளியே வர அதுவே போதும். களிமண் காய்ந்து பிரீதரை அடைத்துக்கொண்டால் நடப்பது இதுதான். எங்கள் வீட்டு அம்பாசடருக்கு ஒரே ஆண்டில் இரண்டு முறை சீல் மாற்றினோம். மூன்றாவது முறை ஒரு பெரியவர் கீழே படுத்துப் பார்த்து, கம்பியால் பிரீதரைக் குத்தி மண்ணை எடுத்தார். அதன்பின் கசியவில்லை.

* அடைத்த பிரீதர் எண்ணெயை வெளியே தள்ளுவதோடு நிற்காது, தண்ணீரை உள்ளேயும் இழுக்கும். சூடான ஹவுசிங் சாலையில் தேங்கிய மழைநீருக்குள் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். வேறு வழியில்லாததால் சீல் வழியாகவே நீர் புகும். ஆக்ஸிலின் ஆயில் பிளக்கைக் கழற்றும்போது ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று பொருள். அந்த ஆயிலை வைத்து ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள், பேரிங் துருப்பிடித்துவிடும்.

* ஆயில் அதிகமாக ஊற்றினாலும் கசியும். சமதரையில் வண்டியை நிறுத்தி, ஊற்றும் துளையின் கீழ்விளிம்பு வரை ஊற்றினால் போதும். மிகுதி தானாக வழிந்து முடிந்த பிறகே பிளக்கைப் போட வேண்டும்.

* பிரேக் டிரம்மில் தெரியும் ஈரம் எல்லாம் கியர் ஆயில் அல்ல. வீல் சிலிண்டர் கசிந்து பிரேக் ஆயிலும் அங்கேதான் வடியும். விரலில் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஆயில். நீர்த்துப்போய், தண்ணீர் விட்டால் கரைந்து போனால் பிரேக் ஆயில். எதுவாக இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. எண்ணெய் ஊறிய பிரேக் ஷூ பிடிக்காது. பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். ஊறிய ஷூவைப் பெட்ரோலில் கழுவித் திரும்பப் போடுவது உயிரோடு விளையாடுவது. புது ஷூதான் வழி.

* இன்று ரப்பராக இருக்கும் சீல் ஒரு காலத்தில் தோலாக இருந்தது. ஜெர்மனியின் வைன்ஹைமில் 1849-இல் தோல் பதனிடும் தொழிலாகத் தொடங்கிய ஃபிராய்டன்பெர்க் நிறுவனம்தான் 1930-களில் ‘சிம்மரிங்’ என்ற சீலைக் கொண்டுவந்தது. வால்டர் சிம்மர் என்ற பொறியாளரின் பெயர் அது. தோல் சீலைப் போடும் முன் எண்ணெயில் ஊறவைப்பார்கள். ரப்பர் சீலுக்கும் உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவித்தான் போட வேண்டும். உலர்ந்த உதடு முதல் சில சுற்றிலேயே கருகிவிடும்.

* சீலின் உள்ளே மெல்லிய ஸ்பிரிங் ஒன்று வளையமாக இருக்கும். அந்தப் பக்கம் எண்ணெயைப் பார்த்தபடி இருக்க வேண்டும். ஒரு ஓரத்தில் சுத்தியலால் அடித்து ஏற்றினால் சீல் கோணிக்கொள்ளும். அதே அளவுள்ள குழாய்த் துண்டையோ பழைய சீலையோ மேலே வைத்துச் சமமாகத் தட்டுங்கள். ஆக்ஸில் ஷாஃப்ட்டை உள்ளே விடும்போது அதன் பாரம் புது சீலின் மேல் உட்காராமல் கையால் தாங்கிப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் ஷாஃப்ட்டின் பற்கள் உதட்டைக் கிழித்துவிடும்.

* ஷாஃப்ட்டில் சீல் உரசும் இடத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் சிக்கினால் பள்ளம் விழுந்திருக்கிறது. எத்தனை சீல் மாற்றினாலும் நிற்காது. மெல்லிய இரும்பு உறை போடலாம், அல்லது உதடு பள்ளத்தில் படாதவாறு சீலைச் சற்றுத் தள்ளி அமர்த்தலாம். பேரிங்கில் ஆட்டம் இருந்தாலும் இதே கதைதான்.

* ஓடாத வண்டியும் கசியும். பிரான்சிலோ வளைகுடாவிலோ பிழைக்கப் போனவர்களின் கார்கள் இங்கே மாதக்கணக்கில் துணி போர்த்திக் கிடக்கின்றன. எண்ணெய் படாத மேல்பாதியில் கடற்காற்றின் உப்பு ஷாஃப்ட்டைத் துருவாக்கும். பிறகு வண்டி உருளும்போது அந்தத் துரு உப்புத்தாள் போல உதட்டைத் தேய்த்துவிடும். மாதம் ஒரு முறை சில கிலோமீட்டராவது ஓட்டுங்கள்.

* கசிவை நிறுத்தும் திரவம் என்று விற்பது ரப்பரை ஊதவைத்து மென்மையாக்குகிறது. சில மாதம் நிற்கும், பிறகு சீல் இன்னும் மோசமாகும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஐப்பசி மழை தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பின்சக்கரங்களின் உட்பக்கத்தைத் துணியால் துடைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்துக் குனிந்து பாருங்கள். ஈரம் தெரிந்தால் மெக்கானிக்கிடம் முதலில் பிரீதரைப் பார்க்கச் சொல்லுங்கள்.